பேசுகிற முகத்துக்கு ஒரு புருவம்

"வாய்ல நூலைக் கடிக்காம எப்படிங்க புருவம் எடுப்பீங்க?" என்று கேட்டாள் மெஹராஜ்.

"கழுத்துல மாட்டிக்கிட்டு."

"கழுத்துலயா? அறுத்துபோடாதுங்களா?"

"அறுத்தா எங்கழுத்துதானேங்க்கா அறுபடும். உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? நூலு எங்க வாங்குனதுன்னு என்னையத்தான வந்து கேப்பாங்க."

கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள் மெஹராஜின் கடை. சின்னதாகப் பார்லர் வைத்திருக்கும் பெண்கள் நூல்கண்டு, வேக்ஸ், பென்சில், லிப்ஸ்டிக் எல்லாம் அங்கே வந்துதான் வாங்குவார்கள். ரெபேக்காவும் பல வருஷமாக அங்கேதான். போத்தனூரில் வீட்டு முன்னறையையே பார்லராக்கி, இரண்டு நாற்காலியும் நீளக் கண்ணாடியும் போட்டு நன்றாகத்தான் நடத்திக்கொண்டிருந்தாள், போன ஐப்பசி வரைக்கும். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தாள். தண்ணீர் வலது பக்கமாகத் தானே வழிந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் வலது பாதி முகம் தொங்கிக் கிடக்கிறது.

முகவாதம் என்றார் டாக்டர். பக்கவாதமில்லை, பயப்படாதீங்க, முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும் என்றார். மாத்திரை சாப்பிட்டாள், பலூன் ஊதினாள், முகத்துக்குப் பயிற்சி செய்தாள். கண் மூடத் திறக்க வந்துவிட்டது. ஆனால் வலது புருவம் ஒரு நூல் இறங்கியே நின்றுவிட்டது. வலது கடைவாய் மேலே ஏற மறுத்துவிட்டது. இனிமேல் பெரிதாக மாறாது என்று கடைசியில் டாக்டரே சொல்லிவிட்டார்.

புருவம் எடுப்பவர்கள் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கைவிரல்களில் முறுக்கிப் பிடித்து, கத்தரி மாதிரி விரித்து மூடுவார்கள். முறுக்கு ஓடுகிற ஓட்டத்தில் முடி சிக்கி வரும். ரெபேக்காவின் பல் கடித்தது; உதடுதான் மூடவில்லை. மார்கழியில் மறுபடி பார்லரைத் திறந்து, வந்த முதல் பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நூல் வழியாக எச்சில் இறங்கி அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். பிறகு வரவேயில்லை.

அன்றைக்குப் போட்ட மாஸ்க்கை ரெபேக்கா கழற்றவில்லை. புருவத்தையும் விட்டுவிட்டாள். ஃபேஷியல், முடி வெட்டு, வேக்ஸிங் என்று ஏதோ ஓடியது. ஆனால் ஒரு பார்லருக்கு ஆள் வருவதே புருவத்துக்குத்தான். புருவத்துக்கு வருகிறவள்தான் கல்யாணத்துக்கும் வருவாள்.

"என்ன இப்பத் திடீர்னு கழுத்து ஞாபகம்?" என்றாள் மெஹராஜ்.

"சனிக்கெழம லின்சியோட பெரியம்மா வாராங்க. ஈஸ்டர் கழிஞ்சு அவ கல்யாணமுங்க. நான் நல்லா இருந்தப்பவே புக் பண்ணுனது. இப்ப போன் பண்ணி, நேர்ல வந்து ஒரு விசயம் பேசணும்கறாங்க."

"பேசறதுன்னா?"

"வேண்டாம்னு சொல்றதுக்குத்தானுங்க. வேணும்னா போன்லயே சொல்லிருக்க மாட்டாங்களா?"

மெஹராஜ் நூல்கண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"லின்சிக்கு முதமுதலா புருவம் எடுத்ததே நாந்தானுங்க்கா. அவ போயிட்டா எங்க கோயில் பங்குல மத்தவங்களும் போயிருவாங்க. ரெபேக்காளுக்கு இனி முடியாதாம்னு கோயில் வாசல்ல நின்னே பேசி முடிச்சிருவாங்க. விட மாட்டேன். ஏனுங்க, கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்களேன்."

"நானா? எதுக்குங்க?"

"எங்கால்ல பழகிப் பழகி ஒரு முடி மிச்சமில்ல. அடுத்தவங்க மூஞ்சில ஒருக்காப் பாக்கோணும்."

"அய்ய, புருவத்தத் தொடவே கூடாது. எங்க மார்க்கத்துல அது ஆகாதுன்னு தெரியும்ல?"

"விக்கறது ஆகுமாக்கும்."

"நான் நூலுதான் விக்கறேன். சட்டை தெக்கறவங்களும் வாங்குவாங்க." சொல்லிவிட்டு மெஹராஜ் கொஞ்சம் யோசித்தாள். "மேலுதடு வேணா முந்தி எடுத்து விட்ட மாதிரி எடுத்துக்கங்க. பொம்பளைக்கு மீசை இருந்தா எடுத்துக்கலாம்னுதான் சொல்லுவாங்க."

"மீசை திருப்பி வந்துருச்சுங்களா?"

"லைட்டப் போட்டுப் பாருங்க, தெரியும். எங்க ஊட்டுக்காரர் வஹீது பாத்திருக்காரு. சொல்றதுக்குத்தான் தைரியமில்ல."

கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ரெபேக்கா கைக்குட்டையை மடித்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அதன் மேல் நூலை வளையமாக மாட்டினாள். மெஹராஜின் மேலுதட்டில் பவுடர் தடவினாள். "நாக்க உள்ளேருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுங்க. ம், அப்படித்தான்." முதல் தடவை நூல் தளர்ந்து வெறுமனே வழுக்கியது. பல் என்றால் தலையை ஒரு பொட்டு அசைத்தால் போதும், நூல் இழுத்துக்கொள்ளும். கழுத்து அப்படி ஆடாது. ரெபேக்கா முதுகை நிமிர்த்தி, உடம்பையே கொஞ்சம் பின்னால் சாய்த்தாள். நூல் விண்ணென்று நின்றது. சர்ரென்று ஓடியது.

"ஆ" என்றாள் மெஹராஜ்.

"நோவுதுங்களா?"

"நோவாம எடுக்க முடியுமா? நோவுது. ஆனா பழைய நோவுதான்."

ரெபேக்கா மாஸ்க்குக்குள் சிரித்தாள். பழைய நோவுதான் என்றால் பழைய கைதான்.

சனிக்கிழமை காலையில் அவள் இன்னொரு காரியமும் செய்தாள். அதுதான் தப்பாய்ப்போனது.

மாஸ்க் போட்ட முகத்தோடு லின்சியின் பெரியம்மா ஜெயக்கொடியிடம் பேசினால், உள்ளே என்னவோ என்று அந்த அம்மாள் இருப்பதற்கு மேலேயே நினைத்துக்கொள்வார். கழற்றித்தான் பேச வேண்டும். கழற்றினால் முகம் சரியாக இருக்க வேண்டும். ரெபேக்காவுக்குத் தெரியாத வேலையா? கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். மூக்கின் ஓரத்திலிருந்து பென்சிலை நேராக நிறுத்தி, புருவம் எங்கே தொடங்க வேண்டும் என்று புள்ளி வைத்தாள். கருமணி வழியாகச் சாய்த்து வளைவுக்கு ஒரு புள்ளி. கடைக்கண் வழியாக வாலுக்கு ஒரு புள்ளி. இறங்கியிருந்த வலது புருவத்தின் அடிமுடியைத் தோல் நிற கன்சீலரால் மறைத்து, மேலே முடி முடியாகக் கீறி ஏற்றினாள். உதட்டிலும் அதே மாதிரி. வலது கடைவாயை கன்சீலரால் அழித்துவிட்டு, இடது பக்கத்துக்குச் சமமாக லைனரால் ஒரு கோடு மேலே தூக்கினாள்.

கணவன் ஆரோக்கியதாஸ் காப்பி டம்ளரோடு வந்து கண்ணாடியில் பார்த்தான். டம்ளரை வைக்க மறந்து நின்றான்.

"பழைய மாதிரியே இருக்குது."

ரெபேக்கா உதட்டுக்கோடு கலைந்துவிடுமென்று வாயை மூடியே இருந்தாள்.

ஜெயக்கொடி வெயிலுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பின்னாலேயே லின்சி. தாயில்லாத பெண், பெரியம்மாதான் வளர்த்தது, படிக்கவைத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம். வாசலில் செருப்பை விட்டு நிமிர்ந்த ஜெயக்கொடி, மாஸ்க் இல்லாத ரெபேக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அடடா, சரியாயிருச்சுங்களா? ஆண்டவருக்கு நன்றி."

"வாங்க்கா, வா கண்ணு, உக்காருங்க" என்றாள் ரெபேக்கா.

அவ்வளவுதான். இடது பக்க வாய் பேச்சோடு ஏறிப் போனது. வலது பக்கம் அப்படியே நின்றது. வரைந்த கோடு மட்டும் கன்னத்தில் தனியாக, யாருடையதோ மாதிரி இளித்துக்கொண்டிருந்தது. இடது புருவம் உபசாரமாக உயர்ந்தது. வலது புருவம் பசை தடவி ஒட்டினது போல ஆடாமல் இருந்தது.

ஜெயக்கொடி ஒரு அடி பின்னால் போனார். லின்சி எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"ஏய், சும்மா இரு" என்று ஜெயக்கொடி அதட்டினார்.

ரெபேக்கா திரும்பிக் கண்ணாடியைப் பார்த்து, "வாங்க்கா" என்று இன்னொரு தடவை சொன்னாள். என்ன தப்பு என்று புரிந்தது. இத்தனை வருஷமும் நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் பேசாதீங்க, ஆடாதீங்க, வாய மூடுங்க என்று சொல்லிச் சொல்லியே முகம் பார்த்துப் பழகினவள். தன் முகத்தையும் அப்படியே மூடி வைத்துப் பார்த்து வரைந்திருக்கிறாள்.

"சிரிச்சுரு கண்ணு. அடக்குனா விக்கல் வரும்" என்றாள்.

லின்சி சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் கண் கலங்கி, "சாரிங்க்கா" என்றாள்.

"எதுக்குச் சாரி? நானே இப்பத்தான் பாக்கறேன்." ரெபேக்கா பஞ்சில் எண்ணெய் விட்டு, அவர்கள் முன்னாலேயே புருவத்தையும் உதட்டையும் துடைத்து எடுத்தாள். கோணல் முகம் கோணலாகவே வெளியே வந்தது. "இதாங்க எம்மூஞ்சி. இனி நீங்க வந்த விசயத்தச் சொல்லுங்க."

ஜெயக்கொடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க ரெபேக்கா. நாங்க சகுனம் பாக்கறவங்க கெடையாது. ஆண்டவருக்குப் பயந்தவங்க. ஆனா..."

"ஆனா?"

"கல்யாணத்தன்னைக்கு விடியக்காலைல பொண்ணு மொதல்ல முழிக்கற முகம்னு ஒண்ணு இருக்குதுங்களே."

"அது சகுனமில்லீங்களா?"

"அது சகுனமில்ல. அது ஒரு இது." ஜெயக்கொடி இழுத்தார். "அதுக்கு மேல, உங்க புருவமே ஏற எறக்கமா இருக்குது. நீங்க எம்பொண்ணுக்கு எடுத்தா எப்படியிருக்குமோன்னு நாலு பேரு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"புருவம் எடுக்கறது எங்கையிங்க்கா. எம்புருவமில்ல."

"அது எனக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியோணும்ல?"

லின்சி இதைக் கேட்கவில்லை. துடைத்துப் போட்ட பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவள், போனை எடுத்து எதையோ தேடினாள். "அக்கா, எனக்கும் இதேதாங்க்கா ஆச்சு. பாருங்களேன்."

நிச்சயதார்த்தத்துப் படம். அப்போது ரெபேக்காவின் பார்லர் மூடிக் கிடந்ததால் வேறு பார்லரில் போட்டிருந்தார்கள். முதல் படத்தில் லின்சி வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். செதுக்கி வைத்தது போல உதடு, வில் மாதிரி புருவம். அடுத்த படத்தில் மாப்பிள்ளை என்னவோ சொல்ல, சிரித்துவிட்டிருந்தாள். உதடு உள்ளே இழுத்துக்கொண்டது. லைனர் கோடு மட்டும் வெளியே நின்றது, ஜாம் தின்றுவிட்டுத் துடைக்காத பிள்ளை மாதிரி. இடது புருவம் எங்கோ நெற்றிக்குப் போயிருந்தது.

"அவங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல இந்தப் படம்தாங்க்கா சுத்துது. மாப்பிள்ளையோட மாமா, புள்ளைக்கு வாய்ல எதாச்சும் அடிபட்டுதான்னு கேட்டாராம். கல்யாணத்துல சிரிக்கவே கூடாதுன்னு பெரியம்மா சொல்லிட்டாங்க."

"சிரிக்காம இருன்னுதானே சொன்னேன். ஒரு நாள் பல்லக் கடிச்சுட்டு இருந்தா கொறைஞ்சா போயிருவ?" என்றார் ஜெயக்கொடி.

ரெபேக்கா இரண்டு படத்தையும் விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். பிறகு போனைக் கொடுத்துவிட்டு, எழுந்து போய்க் கைகழுவினாள்.

"ஏனுங்க்கா, வந்ததே வந்துட்டீங்க. இன்னைக்கு ஒருக்கா உக்காரச் சொல்லுங்க. புருவமும் ஒதடும் மட்டும். புடிக்கலீன்னா நீங்க சொல்லவே வேண்டாம், நானே வேற ஆளக் கைகாட்டறேன்."

"அதெல்லாம் எதுக்குங்க, சிரமம்..."

ஜெயக்கொடி சொல்லி முடிப்பதற்குள் லின்சி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ரெபேக்கா கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றி நூலை மாட்டினாள். ஜெயக்கொடி கண்ணை அகல விரித்துப் பார்த்தார். "கண்ண மூடிட்டு, மேலயும் கீழயும் விரல வெச்சு இழுத்துப் புடி கண்ணு" என்று சொல்லப்போன ரெபேக்கா, நிறுத்தினாள்.

"மொதல்ல கண்ணத் தொற. எதாச்சும் பேசு."

"என்ன பேசறதுங்க்கா?"

"மாப்பிள்ளையப் பத்திப் பேசு."

"அவரா? ஜெஃபினுன்னு பேரு. சோமனூர்ல தறி வெச்சிருக்காங்க. தறிச் சத்தத்துலயே வளந்தவரு, அதனால போன்ல பேசுனாக் கத்துவாரு. பஸ்ல போறப்ப எடுத்தா, பக்கத்து சீட்டு அம்மா, என்ன சாப்பிட்டன்னு கேக்கறாரு சொல்லு கண்ணுங்குது."

"லின்சி" என்று பெரியம்மா பல்லைக் கடித்தார்.

ரெபேக்கா புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசும்போது லின்சியின் இடது புருவம் துள்ளி ஏறியது. வலது அவ்வளவு ஏறவில்லை. சும்மா இருக்கும்போது இரண்டும் ஒரே மட்டம். முன்னால் எடுத்தவர்கள் மட்டத்தை வைத்து இரண்டையும் ஒரே மாதிரி வளைத்துவிட்டார்கள். துள்ளுகிற புருவத்துக்கு வளைவு ஆகாது. அது தானாகவே வளைந்துகொள்ளும். ரெபேக்கா இடது புருவத்தில் வளைவைக் குறைத்து, அடியில் மட்டும் சுத்தம் செய்தாள். வலதில் மேல்முடியைத் தொடவேயில்லை. நூல் ஓடும், நிற்கும், "பேசு" என்பாள். லின்சி நாலு வார்த்தை பேசுவாள். மறுபடி நூல் ஓடும்.

"இப்படிப் பேசிட்டே எடுத்தா பிசகிராதுங்களா?" என்றார் ஜெயக்கொடி. எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"எடுக்கறப்பப் பேச மாட்டா. பாக்கறப்பப் பேசுவா."

உதட்டுக்கு வந்தபோது, "சிரி" என்றாள் ரெபேக்கா.

"சும்மா எப்படிங்க்கா சிரிக்கறது?"

"இந்நேரம் வரைக்கும் சும்மாதானே சிரிச்ச? சரி, என்னையப் பாரு." ரெபேக்கா நேரே நின்று, வாயைக் குவித்து விசிலடிக்கப் பார்த்தாள். காற்று வலது பக்கமாகப் புஸ்ஸென்று போனது. "பாத்தியா? குக்கர் வெயிட் போடாம விட்ட மாதிரி. எங்க ஊட்டுக்காரர் இதக் கேட்டு ரெண்டு தடவை அடுப்ப அணைச்சிருக்காரு."

லின்சி வெடித்துச் சிரித்தாள். ஜெயக்கொடியும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்படியே இரு. வாய மூடாத." சிரிப்பு விரிந்து நின்ற இடத்தில், உதட்டின் சொந்த நிறம் எங்கே முடிகிறதோ அதற்கு உள்ளேயே ரெபேக்கா கோடு இட்டாள். கடைவாய்க்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டாள். மேலுதட்டின் நடுவில் மட்டும் ஒரு இழை ஏற்றினாள். லிப்ஸ்டிக் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி, பவுடர் தூவி, மறுபடி ஒருதரம் தொட்டாள். "இப்ப மூடு. இப்பப் பேசு. இப்ப உம்பட பெரியம்மாவப் பாத்துச் சிரி."

மூடியபோது பொம்மை மாதிரி இல்லை. லின்சி மாதிரிதான் இருந்தாள், நன்றாகத் தூங்கி எழுந்த லின்சி. சிரித்தபோது உதடு எங்கே போனதோ கோடும் அங்கேயே போனது.

ஜெயக்கொடி அவளை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்ப் பார்த்தார். வாசலில் நிறுத்திப் பார்த்தார். போனில் படமெடுத்துப் பார்த்தார். "அந்த ஜெஃபின் கதையத் திருப்பிச் சொல்லு" என்று சொல்லவைத்துப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

"வேலையில ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க."

"அப்பறமென்னங்க்கா?"

"நீங்களே வந்து போட்டு விடுங்க. ஒண்ணே ஒண்ணு. மாஸ்க் மட்டும் போட்டுக்கங்க. இப்பல்லாம் பார்லர்க்காரங்க போட்டுக்கறதுதானே? யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. மாப்பிள்ளை ஊட்டுப் பொம்பளைங்க ரூமுக்குள்ள வருவாங்க, வீடியோக்காரன் வருவான். எதுக்கு வீண் பேச்சு?"

கதவோரம் நின்ற ஆரோக்கியதாஸ் தலையாட்டினான், சரியென்று சொல்லிவிடு என்பதுபோல.

"மாஸ்க் போட மாட்டேனுங்க" என்றாள் ரெபேக்கா.

"இத்தன நாள் போட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"இருந்தேனுங்க. இன்னைக்குத்தான் கழட்டுனேன். நான் பேசுனாத்தான் அவ பேசுவா. அவ பேசுனாத்தான் ஒதடு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். துணிய வாய்ல கட்டிக்கிட்டு அந்த வேல நடக்காது. அது ஒண்ணு." கழுத்திலிருந்து நூலைக் கழற்றினாள். "இன்னொண்ணு, உங்க ஊட்டுக்கு ஒளிஞ்சு வந்தா, அடுத்த ஊட்டுக்கும் ஒளிஞ்சுதான் போகோணும். எம்மூஞ்சியோட கூப்பிட்டா வாரேன். இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கங்க. கோபமெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"பெரியம்மா..." என்று லின்சி தொடங்கினாள்.

"நீ எந்திரி. போலாம்" என்றார் ஜெயக்கொடி. போகும்போது, "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஆரோக்கியதாஸ் உள்ளே வந்தான். "கையில வந்தத விட்டுபோட்டியே. ஒரு துணி. காதுல மாட்டற ஒரு துணி. அதுல என்ன வந்துச்சு?"

"நீங்க காலைல என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"பழைய மாதிரியே இருக்குதுன்னீங்க. நான் வாயத் தொறக்காத வரைக்கும்தான் அந்தப் பழைய மாதிரி. எனக்கு வாயத் தொறக்காம இருக்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

"அது தெரியும்" என்றான் ஆரோக்கியதாஸ், கொஞ்சம் சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிறகு, "அப்ப அவங்க கூப்பிடலீன்னா?" என்றான்.

"வேற யாராச்சும் கூப்பிடுவாங்க. போர்டுல புருவம் எடுக்கப்படும்னு திருப்பி எழுதணும். ஏணிய எடுத்து வெய்யிங்க."

அன்று மத்தியானமே எழுதினார்கள். அந்த வாரம் புருவத்துக்கென்று வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒருத்தி முகத்தைப் பார்த்துவிட்டு, பர்ஸை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனாள். இன்னொருத்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்து, எழுந்து கண்ணாடியைப் பார்த்ததும் தங்கச்சியையும் கூட்டிவருகிறேன் என்றாள். ரெபேக்கா மாஸ்க்கைத் தொடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து, ஓலையும் கையுமாகக் கூட்டம் கோயிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. "ஏனுங்க ரெபேக்கா" என்று பின்னாலிருந்து ஜெயக்கொடியின் குரல்.

"சொல்லுங்க்கா."

"எம்பொண்ணு உங்களத் தவிர யாரு வந்தாலும் உக்கார மாட்டாளாம். நானே போட்டுக்கறேன்னுட்டா. நேத்து ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னால உக்காந்து வரைஞ்சுட்டு வந்து நிக்கறா. கோழி செவப்புப் பெயிண்ட மிதிச்சுட்டு மூஞ்சி மேல நடந்த மாதிரி இருக்குது."

"பழகுனா வந்துருமுங்க்கா."

"எதுக்குங்க அவ பழகோணும்? கல்யாணத்தன்னைக்குக் காலைல அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருங்க. பூசை ஒம்பது மணிக்கு."

ரெபேக்கா நகரவில்லை. "எப்படி வரட்டுமுங்க?"

ஜெயக்கொடி கையிலிருந்த ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்படின்னா? இப்படியேதான் வாங்க" என்றார்.

கல்யாண நாளன்று விடியலில் லின்சி கண் விழித்து முதலில் பார்த்தது தன் போனைத்தான். அப்புறம்தான் ரெபேக்காவைப் பார்த்தாள். அறைக்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். வீடியோக்காரன் கேமராவை ரெபேக்காவின் முகத்திலிருந்து அவசரமாக நகர்த்தினான். "ஏனுங்க தம்பி, கைய நல்லா எடுங்க, ஆனா மூஞ்சியும் வரட்டும்" என்றாள் அவள். வெள்ளைப் பட்டும் தலைமேல் முக்காட்டு வலையும் போட்டு, லின்சி பீடத்துக்கு முன்னால் நின்றபோது, சாமியார் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை தறிக்கொட்டகையில் நிற்பதுபோலக் கத்திவிட்டான். கோயிலே திரும்பிப் பார்த்தது. லின்சி சிரித்தாள். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். ஜெயக்கொடி அதட்டவில்லை.

பூசை முடிந்து வெளியே வேப்பமரத்து நிழலில் எல்லாரும் படத்துக்கு நிற்கும்போது, மாப்பிள்ளையின் அக்கா ஜெயக்கொடியிடம் வந்தாள்.

"பொண்ணுக்கு யாருங்க போட்டு விட்டது? நிச்சயத்தன்னைக்குப் போட்டவங்க இல்லல்ல?"

"இல்லீங்க. இவங்க எங்க போத்தனூர்தான். அதா, அங்க நிக்கறாங்க பாருங்க, பச்சச் சேலை."

"பச்சைல நாலஞ்சு பேரு நிக்கறாங்களே. எந்தப் பச்சைங்க?"

ஜெயக்கொடி தயங்கினார். சேலைக்கரையைச் சொல்லப் பார்த்தார். கூட்டத்தில் கரை தெரியவில்லை. "வாய் ஒரு பக்கம் வாங்குனாப்புல இருக்குமுங்க. அவங்கதான்."

ரெபேக்காவுக்கு அது காதில் விழுந்தது. கையைத் தூக்கி, "நாந்தானுங்க" என்றாள்.

அந்தப் பெண் கிட்டே வந்தாள். வந்தவள் ரெபேக்காவின் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். ரெபேக்கா பார்வையை விலக்கவில்லை. அவள் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றாள்.

"எனக்கும் புருவம் ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி இருக்குதுங்க. எங்கூர்ல எத்தனையோ தடவ சரி பண்ணிப் பாத்துட்டாங்க. நாளைக்கே வரட்டுங்களா?"

ரெபேக்கா அவள் தாடையைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டை விரலால் புருவத்தை நீவிப் பார்த்தாள்.

"நாளைக்கு வேண்டாமுங்க. எடுக்கறதுக்கு ஒண்ணுமே மிச்சம் வெக்கல. வளர விடுங்க. கண்ணாடி முன்னால நின்னு நீங்களா ஒரு முடியக்கூடப் புடுங்கக் கூடாது. நல்லா வளந்த பொறகு வாங்க."

"அதுவரைக்கும் காடு மாதிரி இருக்குமே."

"இருக்கட்டுமுங்க" என்றாள் ரெபேக்கா. "அதோடயே நாலு எடத்துக்குப் போயிட்டு வாங்க."